டென்னிஸ் ஆட்டத்தில் இழுத்தடிப்பவரைச் சமாளிப்பது எப்படி? செட்டிநாட்டு கோர்ட்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் சித்திரை, வைகாசியில் டென்னிஸ் ஆட உருப்படியாகக் கிடைப்பது காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைதான். அதற்குமேல் செம்மண் தரை சூடேறிவிடும். ஷூவைத் தாண்டி உள்ளங்காலில் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சிங்கிள்ஸ் மேட்ச், அப்புறம் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு டபுள்ஸ் செட் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லாரும் வருகிறார்கள். ஒருவர் இழுத்தடித்தால் எதிரே நிற்பவருக்கு மட்டும் நஷ்டமில்லை, பெஞ்சில் காத்திருக்கிற நாலு பேருக்கும் சேர்த்துத்தான்.

கணக்கைப் பாருங்கள். 6-4 என்று முடிகிற ஒரு செட்டில் பத்து கேம். கேமுக்கு ஆறு பாயின்ட் என்று வைத்துக்கொண்டால் அறுபது பாயின்ட். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் நடுவே ஒருவர் 20 வினாடி கூடுதலாக எடுத்தால் செட்டுக்கு 20 நிமிடம் போய்விடும். இரண்டு செட்டுக்கு 40 நிமிடம். டபுள்ஸ் ஆட வந்தவர்கள் ராக்கெட்டைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எதிரே ஆடுபவர் பெரும்பாலும் தெரிந்தவர். வயதில் மூத்தவராக இருப்பார், இல்லை அப்பாவின் நண்பராக இருப்பார், இல்லை அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காரப் போகிறவராக இருப்பார். அதனால் முதல் செட் முழுக்க வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொள்கிறோம். இரண்டாம் செட் நடுவில் ஒரு லைன் கால் விஷயத்தில் பொறுமை போய் வெடிக்கிறோம். அப்புறம் நாலு மாதம் பேச்சில்லை. தாமதத்தைப் பற்றி முதல் செட்டிலேயே, சின்னதாக, கடிகாரத்தைக் காட்டி, மரியாதையோடு பேசிவிட வேண்டும். இந்த வழிகாட்டியில் வருகிற எல்லாப் படிகளும் அதிலிருந்து வருபவைதான்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சர்வதேச டென்னிஸ் விதிப்படி, ஒரு பாயின்ட் முடிந்து அடுத்த பாயின்ட்டின் முதல் சர்வ் அடிக்கப்படுவதற்குள் அதிகபட்சம் 25 வினாடி. பக்கம் மாறும்போது 90 வினாடி. ஒரு செட் முடிந்ததும் 120 வினாடி. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேம் முடிந்து பக்கம் மாறும்போது உட்காரக் கூடாது. நேராக நடந்துபோய் ஆட வேண்டும். டை-பிரேக்கர் (கேம்கள் சமமானால் செட்டை முடிவு செய்யும் ஆட்டம்) நடுவே பக்கம் மாறும்போதும் அப்படித்தான். வார்ம்-அப், போட்டி நடத்துபவர்கள் வேறு மாதிரி சொல்லாவிட்டால், அதிகபட்சம் ஐந்து நிமிடம்.

ஷூ கிழிந்தால், லேஸ் அறுந்தால் அதைச் சரிசெய்ய நியாயமான நேரம் உண்டு. மூச்சு வாங்குகிறது என்பதற்காகக் கூடுதல் நேரம் கிடையாது. தொடர்ந்து ஆடும் திறனும் இந்த விளையாட்டின் ஒரு பகுதி என்பதுதான் விதியின் எண்ணம்.

இன்னும் இரண்டு வரிகளை மனதில் வையுங்கள். ரிட்டர்ன் எடுப்பவர், அதாவது சர்வைத் திருப்பி அடிப்பவர், தயாராகும் வரை சர்வ் செய்யக் கூடாது என்பது ஒன்று. ரிட்டர்ன் எடுப்பவர், சர்வ் செய்பவரின் நியாயமான வேகத்துக்கு இணங்க ஆட வேண்டும் என்பது இன்னொன்று. இழுத்தடிப்பவர்கள் முதல் வரியை நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். நீங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சியில் பார்க்கிற கவுண்ட்டவுன் கடிகாரம் யூ.எஸ். ஓபனின் முக்கியச் சுற்றுகளுக்கு 2018-இல் வந்தது. அங்கே நேரம் மீறினால் முதலில் எச்சரிக்கை. மறுபடி மீறினால் சர்வ் செய்பவருக்கு ஒரு சர்வ் போகும், ரிட்டர்ன் எடுப்பவருக்குப் பாயின்ட்டே போகும். ஆனால் அதைச் சொல்வது அம்பயர். அம்பயர் இல்லாத கிளப் ஆட்டத்தில் "நேரம் தாண்டிவிட்டது, பாயின்ட் எனக்கு" என்று எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. கேட்கலாம், நினைவூட்டலாம், போட்டி நடத்துபவரைக் கூப்பிடலாம். அவ்வளவுதான்.

இழுத்தடிப்பா, இயல்பா என்று பிரித்துப் பாருங்கள்

இதைச் சரியாகச் செய்தால் பாதி சண்டை வராது. மெதுவாக ஆடுபவர் எல்லாரும் தந்திரக்காரர் கிடையாது.

அறுபது தாண்டியவர் மூச்சு சமன்படும் வரை பேஸ்லைனில் நின்றுவிட்டு வருவார். சிலருக்கு எந்தக் காரியமும் நிதானமாகத்தான் வரும். இன்னும் சிலர் வெளியூரிலிருந்து திருவிழாவுக்கோ விசேஷத்துக்கோ சொந்த வீட்டுக்கு வந்திருப்பார்கள்; பல மாதம் ராக்கெட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள், நம் ஊர் வெயிலும் பழக்கம் விட்டுப் போயிருக்கும்.

நான் வைத்திருக்கிற சோதனை எளிது: அவருடைய தாமதம் ஸ்கோரோடு சேர்ந்து மாறுகிறதா? 4-1 என்று முன்னால் இருக்கும்போதும் 1-4 என்று பின்னால் இருக்கும்போதும் ஒரே வேகத்தில் நடந்தால் அது அவருடைய இயல்பு. முன்னால் இருக்கும்போது மடமடவென்று ஆடியவருக்கு, நீங்கள் தொடர்ந்து மூன்று பாயின்ட் எடுத்த உடனே லேஸ் அவிழ்ந்தால், கிரிப் வழுக்கினால், ஸ்கோர் மறந்தால் அது இழுத்தடிப்பு. தன் சர்வில் சுறுசுறுப்பாகவும் உங்கள் சர்வில் மட்டும் மந்தமாகவும் இருந்தாலும் அதேதான். முதல் நாலைந்து கேமைப் பொறுமையாகக் கவனித்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பந்தையும் உயரமாகத் தூக்கி, நாற்பது முறை திருப்பி அனுப்புகிறவரை இழுத்தடிப்பவர் என்று திட்டுவது நம் கோர்ட்டுகளில் சகஜம். அது நியாயமில்லை. பந்து ஆட்டத்தில் இருக்கிற நேரம் யாருடைய நேரத்தையும் திருடுவதில்லை. 2010 விம்பிள்டனில் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்சின் நிக்கோலா மஹூவும் ஆடிய மேட்ச் மூன்று நாட்களில் பரவி 11 மணி 5 நிமிடம் நீடித்தது. அது நீளமான ஆட்டமே தவிர இழுத்தடித்த ஆட்டம் இல்லை. நாம் பேசுவது பந்து நின்றுபோன பிறகு வீணாகிற நேரத்தைப் பற்றி.

டாஸுக்கு முன்னால் இரண்டு நிமிடம்

கோபம் வராத நேரத்தில் பேசினால் எதுவும் குற்றச்சாட்டாக ஒலிக்காது. நெட் அருகே நின்று, ராக்கெட்டைச் சுற்றுவதற்கு முன்பே இவற்றைப் பேசி முடித்துவிடுங்கள்.

எத்தனை மணிக்கு கோர்ட்டை விட வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "அண்ணே, ஏழரைக்கு அடுத்த ஆளுங்க வந்திடுவாங்க. அதுக்குள்ள முடிச்சிடுவோம்" என்றால் போதும். காத்திருப்பவர்களின் பெயரால் சொல்லும்போது அதில் யாரையும் குறை சொல்வது இருக்காது, உண்மையும் அதுதான்.

அடுத்து, நேரம் முடிந்தால் என்ன செய்வது என்று பேசுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று செட் சமமாக இருந்தால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்து பாயின்ட் மேட்ச் டை-பிரேக்கர் ஆடலாம். டியூஸில் (40-40 என்று சமமாகும்போது) அட்வான்டேஜ் இல்லாமல் ஒரே பாயின்ட்டில் கேமை முடிக்கலாம். அந்தப் பாயின்ட்டில் எந்தப் பக்கத்திலிருந்து ரிட்டர்ன் எடுப்பது என்பதை ரிட்டர்ன் எடுப்பவர் முடிவு செய்வார். இந்த இரண்டையுமே சர்வதேச விதிப்புத்தகம் மாற்று முறையாக ஏற்றுக்கொள்கிறது. முடிவு நேரம் தெளிவாக இருந்தால், முன்னால் இருப்பவர் கடிகாரத்தை ஓட்டி ஜெயிக்கிற வழி அடைபடும். "ஏழரைக்கு யார் முன்னால் இருக்கிறாரோ அவர் ஜெயித்தார்" என்று மட்டும் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இழுத்தடிப்பவருக்கு அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

மூன்றாவது, பந்து. குறைந்தது மூன்று பந்து, முடிந்தால் நாலு. செட்டிநாட்டில் பல கோர்ட்டுகளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலங்காடுதான். ஒரு பந்து உள்ளே போனால், முள்ளை விலக்கி, குனிந்து, சட்டை மாட்டாமல் அதை எடுத்து வருவதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். எடுத்த பந்திலேயே முள் ஒன்று ஏறி நிற்கும். வேலியைத் தாண்டிய பந்தை செட் முடிந்தபின்தான் தேடுவது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்த ஒரு ஏற்பாடு எத்தனையோ காலைப் பொழுதுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

கைபேசியைப் பையில் போட்டுவிடலாம் என்று நீங்களே முதலில் உங்களுடையதை எடுத்து அணைத்து வையுங்கள். மருத்துவரோ, வீட்டில் உடம்பு சரியில்லாதவர் உள்ளவரோ ஆனால் விதிவிலக்கு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே: சர்வ் உங்கள் கையில் இருக்கும்போது

சர்வ் செய்பவர்தான் ஆட்டத்தின் தாளத்தை வைப்பவர். இதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

பாயின்ட் முடிந்த உடனே ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லுங்கள். முணுமுணுப்பு வேண்டாம், பேஸ்லைனுக்கு அப்பால் நிற்பவருக்குக் கேட்க வேண்டும். "முப்பது-பதினைந்து" என்று தெளிவாக ஒலித்தால், "இப்ப ஸ்கோர் என்ன?" என்ற கேள்வி பாதி குறையும். பிறகு நேராக உங்கள் இடத்துக்குப் போங்கள். பந்தை இரண்டு மூன்று முறை தட்டுங்கள், தலையை நிமிர்த்திப் பாருங்கள். எதிரே இருப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டு ராக்கெட் நரம்புகளை நேர் செய்துகொண்டிருந்தால் சர்வ் செய்யாதீர்கள். அவர் தயாராக இல்லை என்று லெட் ஆகும் (அந்த சர்வ் செல்லாது, மறுபடி அடிக்க வேண்டும்), உங்களுக்கு எரிச்சல்தான் மிச்சம். ஆனால் உங்கள் இடத்தைவிட்டு நகரவும் வேண்டாம். பந்தைக் கையில் பிடித்து, கோட்டுக்குப் பின்னால் நின்றபடி பாருங்கள். யாருக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்பது பெஞ்சில் இருப்பவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பலர் இதிலேயே திருந்திவிடுவார்கள்.

நீங்கள் பந்தைத் தூக்கப் போகும் நொடியில் கையை உயர்த்துகிறவர் உண்டு. முதல் முறை சரி, கண்ணில் வியர்வை விழுந்திருக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் அடுத்த முறை பந்து தட்டுவதற்கு முன்பே "ரெடியா சார்?" என்று கேளுங்கள். அவர் வாயால் "ரெடி" என்று வந்த பிறகு கையை உயர்த்துவது அவருக்கே சங்கடமாக இருக்கும்.

முதல் சர்வ் ஃபால்ட் ஆனதும், இரண்டாவதுக்கு முன்னால் பக்கத்தில் கிடக்கிற பந்தை அப்புறப்படுத்தப் போகிறேன் என்று வேலி வரை நடப்பது இன்னொரு வகை. உங்கள் கை ஆறிப்போகும், இரண்டாவது சர்வும் போகும். ரிட்டர்ன் எடுப்பவரால் அப்படி நீண்ட தடை ஏற்பட்டால் சர்வ் செய்பவருக்கு மறுபடியும் இரண்டு சர்வ் உண்டு என்று அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் நன்னடத்தைத் தொகுப்பு சொல்கிறது. காலுக்கடியில் உருண்டு வந்த பந்தைத் தட்டிவிடுவதற்கு அது பொருந்தாது. நம் ஊர் ஆட்டங்களிலும் இதையே வழக்கமாக்கலாம்; டாஸுக்கு முன் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

சர்வ் அவர் கையில் இருக்கும்போது

இங்கே உங்களால் வேகப்படுத்த முடியாது. பந்தைப் பதினைந்து தடவை தட்டுவார், நெற்றியைத் துடைப்பார், பந்தை மாற்றுவார், மறுபடி தட்டுவார். நீங்கள் குனிந்து தயார்நிலையில் அத்தனை நேரமும் நின்றால் தொடை இறுகிவிடும், சர்வ் வரும்போது கால் நகராது. அவர் பந்தைத் தட்டத் தொடங்கும் வரை நிமிர்ந்தே நில்லுங்கள். தட்டல் நீளும் என்று தெரிந்தால் இரண்டடி பின்னால் போய், பாதங்களை மெல்ல மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருங்கள். அவர் கடைசித் தட்டல் போடும்போது முன்னே வாருங்கள்.

பந்து உங்கள் பக்கம் கிடந்தால் அதை அவர் கைக்கே போகும்படி, ஒரு துள்ளலில், உடனே அனுப்புங்கள். மூலைக்கு உருட்டிவிட்டால் அவருக்கு நடக்க ஒரு காரணத்தை நீங்களே கொடுத்தது ஆகும்.

பேச வேண்டிய நேரம் வந்தால்

முதல் தடவை பக்கம் மாறும்போது, நெட் கம்பம் அருகே, இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசுங்கள். கோர்ட்டின் குறுக்கே கத்தினால் எந்த நல்ல வார்த்தையும் சண்டைக்கான அழைப்பாகிவிடும். மூத்தவராக இருந்தால், "சார், மணி ஏழாகப் போகுது. பாயின்ட்டுக்கு நடுவுல கொஞ்சம் சீக்கிரமாப் போவோமே" என்று சொல்லலாம். "போவோமே" என்பதில் நீங்களும் சேர்ந்திருக்கிறீர்கள். இளையவராக இருந்தால், "தம்பி, 25 செகண்டுதான்பா. நானும் பார்த்துக்கிறேன், நீயும் பார்த்துக்க" என்று நேராகவே சொல்லலாம். "நீங்க வேணும்னே பண்றீங்க" என்ற வார்த்தை மட்டும் வரக் கூடாது. அவர் மனதில் இருப்பதை உங்களால் நிரூபிக்க முடியாது. கடிகாரத்தை நிரூபிக்க முடியும்.

இரண்டாவது தடவை குறிப்பாகச் சொல்லுங்கள்: "என் சர்வுக்கு ஒவ்வொரு தடவையும் நான் காத்துட்டு நிக்கிறேன். நான் ரெடியானதும் நீங்களும் வந்திடுங்க, ப்ளீஸ்." இதில் விதியும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

மூன்றாவது தடவைக்கு நீங்கள் பேசவே வேண்டாம். போட்டியாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி, நடத்துபவரைக் கூப்பிடுங்கள். அவர் கோர்ட் ஓரத்தில் இரண்டு கேம் நின்றாலே வேகம் வந்துவிடும். சாதாரண ஆட்டமாக இருந்தால் மார்க்கரையோ (கோர்ட்டில் ஆடப் பழக்கும் உதவியாளர்), காத்திருக்கிற ஒருவரையோ ஸ்கோர் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் ஆளின் குரலில் ஸ்கோர் வந்துகொண்டிருந்தால், அந்தக் குரலுக்கு எல்லாரும் கட்டுப்படுவார்கள்.

ஸ்கோர் தகராறும் பந்துத் தடமும்

நேரம் அதிகமாகப் போவது இந்த இரண்டு இடத்தில்தான். ஸ்கோரில் கருத்து வேறுபட்டால், அந்த கேமின் பாயின்ட்டுகளை ஒவ்வொன்றாக நினைவுகூருங்கள். இருவரும் ஒத்துக்கொள்கிற பாயின்ட் எல்லாம் நிற்கும்; தகராறான பாயின்ட்டை மட்டும் மறுபடி ஆடலாம். 40-30 என்று ஒருவர், 30-40 என்று மற்றவர், தகராறு முதல் பாயின்ட்டில் மட்டும் என்றால், 30-30 என்று வைத்து ஆட வேண்டியதுதான். அம்பயர் இல்லாத ஆட்டங்களுக்குச் சர்வதேச வழிகாட்டுதலே இதுதான். ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய விஷயம்.

செம்மண் தரையில் பந்து விழுந்த தடம் தெரியும் என்பது வசதிதான், அதுவே வம்பும்கூட. காலையில் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட தரையில் முதல் ஒரு மணி நேரம் தடம் அச்சாக நிற்கும். அப்புறம் தரை காய்ந்து புழுதி பறக்க ஆரம்பித்ததும் எந்தத் தடம் எந்தப் பந்துடையது என்று சொல்ல முடியாது. அவுட் என்று சொன்னவர் தடத்தைக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன் காலால் அழித்தால் அந்தப் பாயின்ட்டை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். காட்டிய தடத்தை ஒரு தடவை பாருங்கள். கோட்டைத் தொட்டிருந்தால் இன். தடமே கிடைக்காவிட்டால், எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்துக்காரர் சொன்னதை ஏற்று அடுத்த பாயின்ட்டுக்குப் போங்கள். நெட்டைச் சுற்றி நடந்துபோய், குனிந்து, விரலால் வட்டம் போட்டு ஆராய்வது இழுத்தடிப்பவருக்கு மூச்சு வாங்கிக்கொள்ள நீங்கள் கொடுக்கிற இலவச இடைவேளை.

காத்திருக்கிற நேரத்தில் உங்கள் மனது

தந்திரமாக இழுத்தடிப்பவர் குறிவைப்பது உங்கள் தாளத்தை. அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர் வேலை முடிந்தது. திரும்பி நில்லுங்கள். ராக்கெட் நரம்பைப் பாருங்கள். மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக நாலு தடவை மூச்சு விடுங்கள். அடுத்த சர்வை எங்கே போடப் போகிறேன், அதற்கு அடுத்த பந்தை எங்கே அடிக்கப் போகிறேன் என்று இரண்டே விஷயத்தை முடிவு செய்யுங்கள். காலையில் வேப்பமரத்து நிழல் கோர்ட்டின் ஒரு மூலையில் விழுந்தால் அந்த மூலைக்குப் போய் நில்லுங்கள். அவர் எடுத்துக்கொள்கிற ஓய்வு உங்களுக்கும் ஓய்வுதான். உடம்பு அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

பழிக்குப் பழி என்று நீங்களும் இழுத்தடிக்காதீர்கள். அவசரப்பட்டு, அவர் நிமிர்வதற்குள் சர்வை அடித்துத் தள்ளவும் வேண்டாம். இரண்டிலும் உங்கள் ஆட்டம்தான் கெடும்.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடம்

வெயிலில் ஒருவருக்குத் தலை சுற்றினால், குமட்டினால், பேச்சு குழறினால் விதிப்புத்தகத்தை மூடிவிடுங்கள். ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, ஈரத் துணியால் துடைத்து, நினைவு தெளிவாக இருந்தால் உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொடுங்கள். பேச்சு குழறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்வித்தபடியே 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அந்த மேட்ச் யாருக்குப் போனால் என்ன.

காயத்துக்கு விதி மூன்று நிமிடம் தருகிறது. தசைப்பிடிப்புக்குத் தொழில்முறை ஆட்டங்களில் தனி இடைவேளை கிடையாது. பக்கம் மாறும்போதுதான் நீவிவிடுவார்கள். கிளப்பில் அவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு துடிக்கிறவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அதற்குமேல் முடியாவிட்டால் இன்னொரு நாள் மீதியை ஆடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மூத்தவர்களோடு ஆடும்போது 25 வினாடியை 40 ஆக்கிக்கொள்வதில் தப்பே இல்லை. அதை ஆட்டத்துக்கு முன்பே இருவருக்கும் பொதுவாகப் பேசி வைத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது.

போட்டி நடத்துபவர்களுக்கு

விடுமுறைக் காலத்தில் உள்ளூர்ப் போட்டி வைக்கிறவர்கள் நாலு காரியம் செய்தால் போதும். மூன்று செட்டுக்குப் பதில், முதலில் எட்டு கேம் எடுப்பவர் ஜெயிக்கிற ஒரே செட் வையுங்கள். அல்லது முதலில் நாலு கேம் எடுப்பவர் ஜெயிக்கிற குறுஞ்செட்டுகள் வையுங்கள். கோர்ட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் மாட்டுங்கள். 25, 90, 120 என்ற மூன்று எண்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். முதல் மேட்ச் தொடங்குமுன், யார் நடத்துபவர், தகராறு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். வசதியான பெரிய மனிதருக்கு ஒரு நியாயம், கல்லூரி மாணவனுக்கு ஒரு நியாயம் என்று நடக்க ஆரம்பித்தால் அந்தப் பலகைக்கு மதிப்பில்லை. முதல் எச்சரிக்கை அந்தப் பெரிய மனிதருக்கே போகட்டும். மற்றவர்களுக்குத் தானாகப் புரிந்துவிடும்.

டபுள்ஸில் இழுத்தடிப்பவர் உங்கள் பார்ட்னராக இருந்தால்

எதிரணியிடம் பேசுவதைவிட இது கஷ்டம். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கூப்பிட்டுத் திட்டம் பேசுகிறவர் என்றால், பேச்சை நடந்துகொண்டே முடிக்கப் பழக்குங்கள்: "அண்ணே, நடுவுல போடுங்க, நான் கிராஸ் பண்றேன்" என்று இடத்துக்குப் போகிற வழியிலேயே சொல்லி முடித்துவிடலாம். லேஸ் கட்டுகிறவர் என்றால் ஆட்டத்துக்கு முன்பே இரட்டை முடிச்சுப் போடச் சொல்லுங்கள். ஜெயிப்பதற்காகத் தெரிந்தே நேரம் கடத்துகிறார் என்றால், எதிரணி கேட்பதற்கு முன்னால் நீங்களே கேளுங்கள். அவர்கள் நெட்டுக்கு வந்து குறை சொல்லும்போது பார்ட்னருக்குப் பரிந்து பேசாதீர்கள். "சரி சார், பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லி, பந்தை சர்வ் செய்பவர் கையில் கொடுங்கள்.